சமையலறைக்கு லினோலியம் விரிக்கலாமா?

புடவை எடுக்கப் போனால் நாலு கடை ஏறி இறங்குகிறோம். சாயம் போகுமா, சுருங்குமா என்று முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். ஆனால் நாளெல்லாம் நாம் நின்று வேலை செய்கிற சமையலறைத் தரை விஷயத்தில் மட்டும், கடைக்காரர் விரித்துக் காட்டிய பூப்போட்ட ஷீட்டைப் பார்த்து, "இது நல்லா இருக்கே, இதையே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்து விடுகிறோம். அப்புறம் பத்து வருஷம் அந்தத் தரையோடு மாரடிக்க வேண்டியவர்கள் நாம்தானே?

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடலிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு பழைய வீடு. கீழே நாங்களும் என் மாமியாரும். மாடியில் கொழுந்தன் குடும்பம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் கொட்டிய மழையை நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! எங்கள் கீழ்ச் சமையலறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்தது. வடிந்த பிறகு பார்த்தால், சிமெண்டுத் தரை அங்கங்கே பொரிந்து, நடந்தாலே மாவாக உதிர்ந்தது. மாடிச் சமையலறைத் தரையும் பழசாகி வெடித்திருந்ததால், இரண்டையும் சேர்த்தே செப்பனிடுவது என்று முடிவாயிற்று.

"அக்கா, லினோலியம் போட்டுருவோம். காலுக்கு மெத்துன்னு இருக்கும். பாப்பா தவழுறதுக்கும் நல்லது" என்றாள் என் ஓரகத்தி. அவள் குழந்தைக்கு அப்போது பத்து மாதம். என் மாமியாருக்கோ எழுபத்திரண்டு வயது. இரண்டு முழங்காலிலும் வலி. வழுக்காத தரை, காலை வலிக்க வைக்காத தரை, குழந்தைக்குக் கெடுதல் செய்யாத தரை. எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இதற்கு விடை கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

பெயர் ஒன்று, பொருள் வேறு

கடைகளில் சுருட்டி நிறுத்தியிருக்கும் வழவழப்பான ஷீட்டுகளை எல்லாம் 'லினோலியம்' என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை வைனில் என்கிற பிளாஸ்டிக். லினோலியம் என்பதே வேறு சரக்கு.

இங்கிலாந்தைச் சேர்ந்த பிரடெரிக் வால்டன் என்பவர் 1863-ல் லினோலியத்துக்குக் காப்புரிமை பெற்றார். பெயிண்ட் டப்பாவில் ஆளி விதை எண்ணெய் காய்ந்து, மேலே ரப்பர் மாதிரி ஆடை கட்டியிருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். காய்ந்து கெட்டியான ஆளி விதை எண்ணெயுடன் பிசின், தக்கைப் பொடி, மரத்தூள், சுண்ணாம்புப் பொடி, வண்ணம் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, சணல் துணியின் மேல் அழுத்தித் தகடாக்குவதுதான் லினோலியம். நம் நாட்டு ஆளி விதையும் வங்காளத்துச் சணலும் அந்தக் காலத்தில் இதற்காகக் கப்பலேறின. போர்க்கப்பல்களின் தளங்களில்கூட இதை விரித்திருக்கிறார்கள் என்றால், இதன் உழைப்பைப் பார்த்துக் கொள்ளுங்கள்!

பெயர்க் குழப்பத்துக்கும் ஒரு கதை உண்டு. வால்டனின் கம்பெனி, 'இந்தப் பெயர் எங்களுக்கு மட்டுமே சொந்தம்' என்று வழக்குப் போட்டது. 1878-ல் இங்கிலாந்து நீதிமன்றம், 'அது பொருளின் பெயராகிவிட்டது, யாரும் சொல்லலாம்' என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? இன்று பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் அதே பெயர்தான்.

அடையாளம் காண்பது எப்படி? ஒரு துண்டு மாதிரி வாங்கி அதன் ஓரத்தைப் பாருங்கள். லினோலியம் என்றால் வண்ணம் மேலிருந்து அடிவரை ஓடும். பின்புறம் சணல் நெசவு தெரியும். முகர்ந்தால் எண்ணெய் வாசம் வரும். வைனில் என்றால், மேலே கண்ணாடி போல ஒரு மெல்லிய படலம், அதற்கடியில் அச்சடித்த படம், பின்புறம் நுரையோ பிளாஸ்டிக்கோ இருக்கும்.

வைனில் கெட்டது என்று நான் சொல்லவில்லை. விலை குறைவு, தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் அதை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட் வகை ரசாயனங்களில் சிலவற்றை, குழந்தைகளின் பொம்மைகளில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்கா 2008-ல் சட்டம் போட்டது. தவழும் குழந்தை தரையில் வைத்த கையைத்தான் வாயில் வைக்கிறது. ஆகவே வைனில் வாங்குபவர்கள், 'தாலேட் இல்லாதது' என்று எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

முதலில் தரையைக் கேளுங்கள்

எந்த ஷீட் என்று தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், 'நீ ஷீட் போட்டுக் கொள்வாயா?' என்று தரையிடம் கேட்க வேண்டும். எங்கள் கடலோரத்தில் இதுதான் முதல் கேள்வி.

முத்துக்குளித்துறை ஊர்களின் பழைய வீடுகள் பல, கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லும், சிப்பியையும் பவளத்தையும் சுட்ட சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. (இப்போது பவளத்தைத் தொடவே கூடாது, 2001 முதல் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிறது.) தரைக்கு அடியில் ஈரத்தைத் தடுக்க எதுவும் கிடையாது. பூமியின் ஈரம் மேலே ஏறும், காற்றில் காய்ந்து போகும். தரையும் சுவரும் மூச்சு விட்டுக் கொண்டே இருக்கும். உப்பு ஏறிய தரையென்றால் இன்னும் மோசம். அடுப்பங்கரை உப்பு ஜாடி மழைக்காலத்தில் எப்படிக் கசிகிறது? அதே போல, தரைக்குள் இருக்கும் உப்பும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும்.

இப்படிப்பட்ட தரையை ஷீட் போட்டு மூடினால் என்ன ஆகும்? ஈரம் வெளியேற வழியில்லாமல் பசையை இளக்கும். வைனில் என்றால் கொப்புளம் போட்டு எழும்பும். லினோலியத்துக்கு இன்னும் ஆபத்து: சணல் மக்கும், சிமெண்டின் காரம் ஈரத்தோடு சேர்ந்து ஏறி எண்ணெய்ப் பிடிப்பையே அரித்துவிடும். மிச்ச ஈரம் பக்கவாட்டில் போய்ச் சுவரில் ஏறும். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில், வெள்ளம் வடிந்த மூன்றாம் மாதமே ஷீட் ஒட்டினார்கள். ஆடி மாதம் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால், அடியெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம். அந்த வீட்டுப் பையனுக்கோ ஆஸ்துமா.

பாலிதீன் சோதனை

இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்துக்கு கனமான பாலிதீன் தாளை வெட்டி, தரையில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு பகலும் ஒரு இரவும் விட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் செய்தால் போதாது. தொட்டிப் பக்கம் ஒன்று, வெளிச்சுவர் ஓரம் ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்று இடத்தில் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் செய்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் தரை தன் குணத்தைக் காட்டும்.

நான் தாளை ஒட்டுவதைப் பார்த்த மாமியார், "இதுக்கு எதுக்குட்டி தாளு? மழைக்கு முன்னால தரை வேர்க்கத்தான் செய்யும்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். ஆனால் அந்த வேர்வை காற்றிலிருந்து வருவது. தாளின் மேல்புறம் படியும். தாளுக்கு அடியில் முத்து முத்தாய்த் தண்ணீர் கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ, அது பூமியிலிருந்து ஏறும் ஓதம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுவதுதான் இந்தச் சோதனை.

கீழ்ச் சமையலறையில் மூன்று தாளுக்கு அடியிலும் தண்ணீர்! மாடியில் மூன்றும் காய்ந்திருந்தன. ஒரே வீடு, ஒரே சோதனை, இரண்டு பதில்கள்.

கீழே டைல்ஸ்

"நல்ல பசையா போட்டு ஒட்டித் தாறோம், ஒண்ணும் ஆகாது" என்று ஷீட் ஒட்டுபவர்கள் சொன்னார்கள். நாங்கள் சம்மதிக்கவில்லை. பொரிந்த தரையைக் கொத்தி எடுத்து, அடியில் ஈரத்தடுப்புத் தாள் விரித்து, புதிதாகக் கான்கிரீட் போட்டோம். கடல் மணலும் உப்புத் தண்ணீரும் சேரக் கூடாது என்று கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொன்னோம். மேலே வழவழப்பில்லாத, சொரசொரப்பான டைல்ஸ். வாங்கும்போது 'ஆர்-10' என்கிற வழுக்குத் தடுப்புக் குறியைப் பார்த்தோம். அதோடு ஒரு மாதிரிக் கல்லில் தண்ணீரும் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டு, குதிகாலால் தேய்த்தும் பார்த்தோம். கீழே வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது மாமியாரின் பழக்கம். மீன் ஆய்வதும் இங்கேதான். இந்தப் புழக்கத்துக்கு டைல்ஸ்தான் தாங்கும். அவர் நின்று வேலை செய்யும் இடத்தில் மட்டும், வழுக்காத அடிப்பாகம் உள்ள மிதியடி ஒன்று போட்டிருக்கிறேன்.

டைல்ஸ் இடுக்கில் வெள்ளையாக உப்புப் பூத்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். உப்பு கரைந்து மறுபடியும் உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, முறத்தில் அள்ளிக் கொட்டுங்கள்.

மேலே லினோலியம்

உள்ளூரில் அசல் லினோலியம் கிடைக்கவில்லை. சென்னையில், ஆஸ்பத்திரிகளுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு வியாபாரியிடம் ரோலில் மிஞ்சிய துண்டு கிடைத்தது. சிறிய சமையலறைக்கு இப்படி மிச்சத் துண்டு கேட்பது சிக்கனம். ஷீட்டின் அகலம் 2 மீட்டர், அதாவது ஆறரை அடிக்குக் கொஞ்சம் கூட. மாடிச் சமையலறை 10-க்கு 8. ஆனால் அடியில் அலமாரி வைத்து மூடிய மேடை 2 அடியை எடுத்துக் கொள்கிறது. மிச்சம் 6 அடிதான். ஆகவே ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக விரிக்க முடிந்தது. உங்கள் வீட்டில் ஒட்டு வந்தே தீரும் என்றால், தொட்டிப் பக்கமும் வாசற்படியிலும் வராமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

விரிக்கும் வேலையில் கவனிக்க வேண்டியவை:

பழைய ஷீட் இருந்தால் உரசித் தேய்த்து எடுக்காதீர்கள். 1980-களுக்கு முந்திய ஷீட்டுகள் சிலவற்றின் அடியில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம்.

வெடிப்புகளை அடைத்து, தரையை மட்டம் செய்து, நன்றாகக் காய விடுங்கள். புதுக் கான்கிரீட் என்றால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கணக்கு. காய்ந்த பின் பாலிதீன் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

ரோலை ஒரு நாள் முன்னதாகவே சமையலறையில் கொண்டு வந்து வைத்து, அந்த அறையின் சூட்டுக்குப் பழக விடுங்கள்.

லினோலியத்துக்கென்று உள்ள பசையையே கேளுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கனமான உருளையை உருட்ட வேண்டும்.

சுவரோரம் ஒரு நூல் இடைவெளி விட்டு, அதன் மேல் பட்டி அடித்து, தொட்டிப் பக்கம் சிலிகான் பூசச் சொல்லுங்கள்.

கிரைண்டர், ஃபிரிட்ஜ் இவற்றை மூன்று நாள் கழித்து, அடியில் பலகை வைத்து ஏற்றுங்கள். கேஸ் சிலிண்டரை உருட்டவோ இழுக்கவோ கூடாது.

விரித்த புதிதில் லேசாக மஞ்சள் பூத்தாற்போல் இருந்தது. "என்னக்கா, பழைய சரக்கைத் தள்ளி விட்டுட்டானோ?" என்று ஓரகத்தி பதறினாள். இருட்டில் சுருண்டு கிடந்த லினோலியத்துக்கு அது இயல்பு. வெளிச்சம் பட்டால் தானே மறைந்துவிடும். அப்படியே மறைந்தது.

வாளித் தண்ணீர், சோடா உப்பு, பிளீச்சிங் பவுடர் மூன்றும் லினோலியத்துக்கு ஆகாது. காரமில்லாத சோப்பில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். சுடச்சுட இறக்கும் சட்டியைப் பிரிமனையில் வையுங்கள். காலுக்கு இதமாக இருக்கிறது என்பது உண்மை. அதற்காக அது மெத்தை ஆகிவிடாது, குழந்தை நிற்கப் பழகும்போது பக்கத்தில் ஆள் இருக்கத்தான் வேண்டும்.

சகோதரிகளே, கடைக்காரருக்கு அவர் ஷீட்டைப் பற்றித் தெரியும். உங்கள் தரையைப் பற்றித் தெரியாது. அதைத் தெரிந்து கொள்ள ஒரு முழம் பாலிதீனும் ஒரு நாள் பொறுமையும் போதும். கீழ்வீட்டிலோ, கடலோரத்திலோ, வெள்ளம் புகுந்த வீட்டிலோ இருப்பவர்கள், கடைக்குப் புறப்படும் முன்பே இன்றைக்கு அந்தத் தாளை ஒட்டி வையுங்கள். எதை வாங்கலாம் என்று நாளைக்குத் தெரிந்துவிடும்.