"போர்டு போயிடுச்சு" என்று கேட்பதற்கு முன்

நேற்று வரை ஓடிய லேப்டாப் இன்று பட்டனை அழுத்தினால் அசையவே இல்லை. கடைக்கு எடுத்துப்போனால் "போர்டு போயிடுச்சு சார்" என்ற பதில் வரலாம். பழைய லேப்டாப்புக்கு மதர்போர்டு மாற்றுவது பல நேரம் கட்டுப்படியாகாது. அதனால் சில சோதனைகளை வீட்டிலேயே செய்துவிடுவது நல்லது.

முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரியும் கழற்றக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். இதிலேயே சரியாகிவிடும் லேப்டாப்கள் உண்டு. சரியாகவில்லையென்றால், அதே மாடலுக்கான வேறு சார்ஜரைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், அது தீப்பிடிக்கக்கூடியது.

லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறதா? எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணையுங்கள். டிவியில் படம் வந்தால் போர்டு பிழைத்திருக்கிறது. கோளாறு பெரும்பாலும் திரையிலோ அதன் கேபிளிலோதான். அங்கும் வராவிட்டால் அடுத்த சந்தேகம் ரேம் மீது. அதைக் கழற்றி மீண்டும் பொருத்தினாலே உயிர் பெறுவதுண்டு. வாரண்டி இருந்தால் நீங்களே திறக்க வேண்டாம். ஆன் செய்யும்போது வரும் பீப் சத்தத்தையும், எல்இடி சிமிட்டலையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகம் பழுது என்பதைத் தயாரிப்பாளர்கள் அந்த எண்ணிக்கையில்தான் வைத்திருக்கிறார்கள். ஹெச்பியில் கேப்ஸ்லாக் லைட் சிமிட்டும். டெல்லில் பவர் அல்லது பேட்டரி லைட்.

இயந்திரத்தைவிட எனக்குக் கவலை உள்ளே இருக்கும் கோப்புகள் பற்றித்தான். ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் உடனே ஆஃப் செய்யுங்கள். ஓட ஓட டேட்டா அழியும். எஸ்எஸ்டி சத்தமே போடாது. சில சமயம் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடும். போர்டு மட்டும் பழுதென்றால், எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் கோப்புகளை எடுத்துவிடலாம். போர்டிலேயே பற்றவைத்த எஸ்எஸ்டி உள்ள மெல்லிய மாடல்களில் இந்த வழி இல்லை.

இன்னொரு தடையும் உண்டு. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் டிஸ்க் பிட்லாக்கர் என்ற பூட்டால் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதை வேறு கணினியில் மாட்டினாலும், மதர்போர்டை மாற்றினாலும் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் நல்ல டிஸ்க்கும் வெறும் தகடுதான். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ சேமிக்கப்பட்டிருக்கும், போனிலிருந்தே பார்த்துவிடலாம்.

கடைக்குப் போகும்போது எப்போது நின்றது, என்ன செய்து பார்த்தீர்கள், எத்தனை பீப் என்பதைச் சொல்லுங்கள். டிஸ்க்கை ஃபார்மேட் செய்யக்கூடாது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். போர்டு போய்விட்டது என்றால், சிப் லெவல் சர்வீஸ் செய்பவர் ஒருவரிடமும் காட்டுங்கள். ஷார்ட் ஆன ஒரே ஒரு கெப்பாசிட்டர் முழு போர்டையும் முடக்கியிருக்கலாம். அப்படியென்றால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

உங்கள் லேப்டாப் இப்போது நன்றாக ஓடுகிறதென்றால், அந்த 48 இலக்கத்தை இன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள். முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.