கையொப்பமிட்ட கோப்பும் கேளாமல் வரும் விளம்பரமும்

இணையத்திலிருந்து இறக்கிய ஒரு மென்பொருளை நிறுவத் தொடங்கும் சமயத்தில், விண்டோஸ் நம்மிடம் அனுமதி கேட்டு ஒரு சிறு பலகையைக் காட்டுகிறது. அதில் 'வெரிஃபைட் பப்ளிஷர்' என்பதற்கு எதிரே ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் இருந்துவிட்டால், நம்மில் பெரும்பாலோர் அந்தப் பெயரை வாசித்துக்கூடப் பார்க்காமல் நிம்மதியாக 'எஸ்' பொத்தானை அழுத்திவிடுகிறோம். அந்த நிம்மதி எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை விசாரிப்பது அவசியம்; ஏனெனில், பிரவுசரின் முகப்புப் பக்கத்தை மாற்றிவிட்டு, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் விளம்பரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிற ஆட்வேர்களில் பல, முறைப்படி கையொப்பம் பெற்றே நம் கணினிக்குள் பிரவேசிக்கின்றன.

கையொப்பம் உண்டாகும் விதம் இது. கோப்பு முழுவதையும் ஒரு கணித முறைக்கு உட்படுத்தி, அதற்கே உரிய ஒரு சுருக்கக் குறியைப் பெறுகிறார்கள். ஷா-256 என்ற முறையில் அது 64 எழுத்து நீளமுள்ளது, கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடுவது. அந்தக் குறியின்மேல் தயாரிப்பாளர் தமது இரகசியத் திறவுகோலைக் கொண்டு ஒப்பமிட, அவர் இன்னார்தாம் என்பதற்குச் சான்றளிக்கும் ஸ்தாபனம் ஒன்று சாட்சி நிற்கிறது. மைக்ரோசாப்ட் 'ஆதன்டிகோட்' என்ற பெயரில் இந்த ஏற்பாட்டை 1996ஆம் ஆண்டு புகுத்தியது. ஆக, கையொப்பம் நிரூபிப்பவை இரண்டே விஷயங்கள்: கோப்பு யாரிடமிருந்து வந்தது, வழியில் மாற்றப்படவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டது என்பதனால் வாங்கிய நிலம் வில்லங்கமற்றது என்று ஆகிவிடாததைப் போல, கையொப்பம் செல்லும் என்பதனாலேயே கோப்பு நல்லது என்று ஆகிவிடாது.

முதல் விஷயத்தில்கூட ஏமாற்றம் நேர்ந்ததுண்டு. 2001 ஜனவரியில், தம்மை மைக்ரோசாப்ட் ஊழியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவருக்கு, சான்றளிக்கும் ஸ்தாபனமான வெரிசைன், மைக்ரோசாப்டின் பெயரிலேயே இரண்டு சான்றிதழ்களை வழங்கிவிட்டது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், தைவான் நாட்டு ரியல்டெக், ஜேமைக்ரான் நிறுவனங்களிடமிருந்து களவு போன சான்றிதழ்களைத் தாங்கி வந்தது. 2017 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் சிகிளீனர் மென்பொருளின் 5.33 என்ற பதிப்பு, தயாரிப்பாளரின் உண்மையான கையொப்பத்துடனேயே, உள்ளே விஷத்தைச் சுமந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சென்றடைந்தது.

ஆனால் ஆட்வேர்க்காரர் களவாட வேண்டிய அவசியமே இல்லை. அவர் முறையாகக் கம்பெனி பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, தம் சொந்தப் பெயரிலேயே சான்றிதழ் பெறுகிறார். சட்டம் கேட்டால், உபயோகிப்பவர் சம்மதித்தார் என்கிறார். அந்தச் சம்மதம் பெறப்படும் விதமே என் மனத்தை உறுத்துவது. நிறுவும்போது வரும் பக்கங்களில் 'சிபாரிசு செய்யப்படுவது' என்ற வழி பெரிய எழுத்தில் இருக்கும். 'கஸ்டம்' என்ற வழி மங்கலாக ஒதுங்கிக் கிடக்கும். அதைத் திறந்து பார்த்தால், நாம் கேட்டேயிராத ஒரு டூல்பாருக்கு எதிரே முன்கூட்டியே 'டிக்' போட்டிருக்கும். இலவசப் படத்தொகுப்பு மென்பொருளான கிம்ப், மென்பொருள்களை இறக்கித் தரும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தின் இத்தகைய போக்கை வெறுத்து 2013இல் அங்கிருந்து வெளியேறிற்று. அப்படியிருந்தும் 2015இல் அத்தளம் கிம்ப்பின் பழைய கணக்கைத் தானே எடுத்துக்கொண்டு, விளம்பரச் சரக்கைச் சேர்த்துக் கட்டிய கோப்பை வழங்கியது. மறு ஆண்டு வந்த புதிய உரிமையாளர்கள் அந்தத் திட்டத்தை ஒழித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

விளம்பரந்தானே, அதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள், லெனோவோ மடிக்கணினிகளில் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ் என்னும் ஆட்வேரை நினைவுகூர வேண்டும். பாதுகாப்பான பக்கங்களிலும் விளம்பரத்தை நுழைப்பதற்காக, அது கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் தன் சொந்த மூலச் சான்றிதழைச் செருகியிருந்தது. அத்தனை கணினிகளிலும் திறவுகோல் ஒன்றே. 2015 பிப்ரவரியில் அதன் கடவுச்சொல் வெளிப்பட்டதும், போலி வங்கிப் பக்கத்தையும் அந்தக் கணினிகள் மெய்யென ஏற்கும் நிலை உண்டாயிற்று.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். கோப்பின்மேல் வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' சென்று, 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பகுதியைத் திறந்து, பெயரைத் தேர்ந்து 'டீடெய்ல்ஸ்' அழுத்தினால், கையொப்பம் செல்லுமா என்பது தெரியும். செல்லும் என்று கண்டவுடன் நின்றுவிடாமல், ஒப்பமிட்டவர் பெயரை நிதானமாக வாசிக்க வேண்டும். புகழ்பெற்ற மென்பொருளின் கோப்பில் சம்பந்தமில்லாத கம்பெனியின் பெயர் இருந்தால், இடையில் எவரோ மறுகட்டு கட்டியிருக்கிறார் என்று சந்தேகிக்கலாம். விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிலவற்றில் இந்தப் பகுதியே காணப்படாது. அவற்றின் கையொப்பம் தனி அட்டவணையில் இருப்பதால், அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. ஆதன்டிகோட் சரிபார்க்கும்போது கையொப்பம் உறையும் பகுதியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே அங்கே கூடுதல் விவரங்களைத் திணித்தாலும் கையொப்பம் கெடாது. 2013இல் மைக்ரோசாப்ட் இதற்குக் கடுமையான சரிபார்ப்பு முறையை அளித்தபோதிலும், அதை வேண்டுவோர் மட்டும் இயக்கிக்கொள்ளுமாறு விட்டுவிட்டது.

அடுத்து, கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால், பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ் கருவிகள் அதை ஒருங்கே பார்த்து அபிப்பிராயம் சொல்லும். ஓரிரு கருவிகள் மட்டும் எச்சரித்தால் அது தவறாகவும் இருக்கலாம். ஆனால் 'ஆட்வேர்', 'பண்ட்லர்', 'பியூஏ' (வேண்டாத செயலி) முதலிய சொற்கள் பலவற்றில் திரும்பத் திரும்ப வருமானால், கையொப்பம் எவ்வளவு சுத்தமாயிருந்தாலும் அந்தக் கோப்பை நீக்கிவிடுவதே உத்தமம். சொந்த ஆவணம் அடங்கிய கோப்பை அங்கே ஏற்றலாகாது, பிறர் அதைப் பெற வழியுண்டு; சுருக்கக் குறியை மட்டும் தேடிப் பார்க்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியிலும் வேண்டாத செயலிகளைத் தடுக்கும் அமைப்பு 2020 முதல் இருக்கிறது. அது இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

குற்றம் கண்ட கோப்பை அழித்ததோடு கடமை தீர்ந்ததென்று நான் கருதவில்லை. சான்றளிக்கும் நிறுவனங்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட விதிகளிலேயே, உபயோகிப்பவரின் சம்மதமின்றி நிறுவிக்கொள்வதும் நீக்க முயன்றால் எதிர்ப்பதுமான நிரல்கள் சந்தேகத்துக்குரியவையாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. முறையீடு வந்தால் அந்நிறுவனங்கள் விசாரிக்கவும், குற்றம் மெய்யானால் சான்றிதழை ரத்து செய்யவும் கடமைப்பட்டவை. எந்த நிறுவனத்திடம் முறையிடுவது என்பதை, அதே 'டீடெய்ல்ஸ்' பலகையிலிருந்து சான்றிதழைத் திறந்து, 'இஷ்யூட் பை' என்ற வரியில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.