இடித்துரையும் இழித்துரையும்: திறந்த மூல மென்பொருள் உலகின் நடத்தை நெறிகள்

ஒருவர் செய்த பணியில் குற்றம் காண்பது எளிது. அக்குற்றத்தை அவர் ஏற்குமாறு எடுத்துரைப்பது அரிது. பிழையைச் சுட்டித் திருத்துவதை இடித்துரைத்தல் என்கிறோம். பிழையை விடுத்துப் பிழை செய்தவரைத் தாழ்த்துவது இழித்துரைத்தல். எழுத்தால் இரண்டும் ஒன்றற்கொன்று அண்மையன. பயனாலோ மிகச் சேய்மையன. முன்னது பணியைச் செம்மையாக்கும். பின்னது பணி செய்பவரையே விரட்டிவிடும். இவ்விரண்டிற்கும் இடையே எல்லை வகுக்கும் முயற்சியாகக் கணினி உலகில் தோன்றியவையே நடத்தை நெறிகள். அவற்றின் தோற்றத்தையும் பயனையும் குறையையும் ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

கூட்டுழைப்பின் இயல்பு

மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவது திறந்த மூல மென்பொருள். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் இதற்குச் சிறந்த சான்று. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளம் லினக்ஸே. உலகின் முதல் 500 மீக்கணினிகள் என 2017 நவம்பரில் பட்டியலிடப்பெற்ற அனைத்தும் லினக்ஸாலேயே இயங்கின.

இத்தகைய மென்பொருளை ஆக்குவோர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பணிபுரிவோர் அல்லர். நாட்டாலும் மொழியாலும் வேறுபட்டவர். பலர் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டறியாதவர். ஊதியம் பெற்று உழைப்போரும் உண்டு. ஆர்வத்தால் உழைப்போரும் உண்டு. ஒருவர் எழுதியனுப்பும் திருத்தத்தைப் பராமரிப்பாளர் ஆராய்ந்து ஏற்பார், அன்றேல் மறுப்பார். அம்மறுப்பு எழுத்து வடிவில், அனைவரும் காண நிகழ்வது. குரலின் குழைவும் முகத்தின் குறிப்பும் எழுத்தில் இல்லை. ஆதலின், நேரில் மறந்துவிடக்கூடிய கடுஞ்சொல் ஈண்டு நிலையான வடுவாகிறது.

நெறிகளின் தோற்றம்

நல்ல நிரல் போதும், நயமான சொல் வேண்டா என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. லினக்ஸ் கருவகக் குழுவில் டோர்வால்ட்ஸின் கடுமொழி பலரும் அறிந்தது. 2013இல் பணியாளர் ஒருவர் இதனை வெளிப்படையாக எதிர்த்தார். போலிப் பணிவு தமக்கு ஒவ்வாது என்பதே டோர்வால்ட்ஸின் விடையாக இருந்தது. எதிர்த்தவரோ பின்னர் அப்பணியினின்றும் விலகினார். மரியாதையற்ற சூழலே விலகக் காரணம் என்று 2015இல் எழுதினார்.

அவ்வாண்டு மார்ச்சில் அக்குழு 'முரண்பாட்டு நெறி' என்னும் சிறு குறிப்பொன்றை ஏற்றிருந்தது. அஃது எவையெவை தகாதவை என வரையறுக்கவில்லை. 2018 செப்டம்பரில் நிலை மாறிற்று. தம் தனிப்பட்ட தாக்குதல்கள் தகாதவை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரிய டோர்வால்ட்ஸ், பிறர் உணர்வுகளை அறிந்து நடக்க உதவி நாடுவதாகக் கூறிச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அப்பொழுதே 'பங்களிப்பாளர் உடன்படிக்கை' என்னும் நெறியைத் தழுவிய புதிய நெறி ஏற்கப்பெற்றது. அவ்வுடன்படிக்கையைக் கோரலைன் அடா எம்கே 2014இல் உருவாக்கினார். டெபியன் திட்டமும் அதே 2014இல், உறுப்பினர் வாக்கெடுப்பின் வழியே, தனக்கென ஒரு நெறியை ஏற்றது.

நெறி கூறுவது யாது?

பங்களிப்பாளர் உடன்படிக்கை, பாலினம், இனம், சமயம், வயது, உடற்குறை முதலியன பற்றி எவரும் துன்புறுத்தப்படலாகாது என்கிறது. மாற்றுக் கருத்தை மதித்தலையும், தவறு நேரின் பொறுப்பேற்று மன்னிப்புக் கோருதலையும் வற்புறுத்துகிறது. 2019இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிலையான தடை என நான்கு படிகளை வகுத்தது. தண்டனை குற்றத்தின் அளவிற்கேற்ப அமைய வேண்டும் என்பதே இதன் கருத்து.

மறுப்புகளும் விடையும்

மென்மை புகுந்தால் தரம் குன்றும் என்பர் சிலர். நெறி விலக்குவது குறை கூறலை அன்று, இழிவுபடுத்தலையே என்க. 'இந்நிரல் பிழையானது, காரணம் இது' என்பதற்கு எந்நெறியும் தடையில்லை. 'நீ அறிவிலி' என்பதோ நிரலைத் திருத்துவதற்கு ஒரு சிறிதும் உதவாது.

மற்றொரு மறுப்பு வலியுடையது. நெறியை நடைமுறைப்படுத்துவோரும் மனிதரே. வலியோரை அவர் கேள்வி கேட்க இயலுமோ என்பதே அது. ரஸ்ட் என்னும் நிரல்மொழித் திட்டம் தொடக்க முதலே நெறியுடையது. ஆயினும், மையக் குழு எவர்க்கும் கட்டுப்படாத நிலையில் தன்னை வைத்துக்கொண்டது என்று கூறி, 2021 நவம்பரில் அதன் நெறிக்காவலர் அனைவரும் ஒருங்கே பதவி விலகினர். அதன்பின் ஆட்சிமுறை மாற்றியமைக்கப்பெற்று, 2023இல் தலைமைக்குழு ஒன்று தோன்றியது. ஏட்டில் எழுதிய நெறி மட்டும் போதாது. தலைமையும் அதற்கு உட்பட வேண்டும் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நிறைவாக

ஊதியத்திற்காக உழைப்பவர் அவமதிப்பைப் பொறுத்துக்கொள்ளலும் கூடும். தானே விரும்பி வந்தவர் பொறுப்பதில்லை, ஓசையின்றி அகன்றுவிடுவார். அவர் எழுதியிருக்கக்கூடிய நிரல் எந்தக் கணக்கிலும் இழப்பாகப் பதிவாவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அவ்விழப்பைத் தடுப்பதே நடத்தை நெறியின் தலையாய பயன். மாணவர் ஏட்டைத் திருத்தச் சிவப்பு மையை எடுக்கும் ஆசிரியர்களாகிய நாமும், நம் கை எழுதுவது இடித்துரையா, இழித்துரையா என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நலம்.