கரை சேராதவர்கள் – 9: கல்லறை இல்லாத வீடுகள்

பிரான்சின் மேற்கு முனையில் உள்ள உஷாந்த் தீவைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அங்கே முன்பெல்லாம் கடலில் மறைந்த மாலுமியின் உடலுக்குப் பதிலாக மெழுகில் சிறு சிலுவை செய்வார்கள். இரவு முழுக்க அதன் அருகே விழித்திருந்து, மறுநாள் ஆலயத்துக்கு எடுத்துச் செல்வார்கள். அந்தச் சிலுவை ஏன் தேவைப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள நாம் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என்று எட்டு ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பேர்போன தூண்டில்காரர்களின் ஊர்கள். விசைப்படகில் ஏறினால் வாரக்கணக்கில் தங்கல்தான். லட்சத்தீவையும் தாண்டிப் போவார்கள்.

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலைக்குள் ஒக்கிப் புயலாகிவிட்டது. அதற்குள் அது குமரி முனையை நெருங்கியிருந்தது. கரையோரம் தொழில் செய்பவருக்கே போதிய அவகாசம் கிடைக்கவில்லை. பல நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போனவர்களுக்கு யார் சொல்வது? படகிலிருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. தப்பிய படகுகள் சில மகாராஷ்டிரக் கடற்கரைவரை போய் ஒதுங்கின. தேடுதலை விரைவுபடுத்தக் கேட்டு டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். யார் எந்தப் படகில் போனார் என்ற கணக்கு அரசிடம் ஒழுங்காக இல்லை. பங்குத்தந்தையர் வீடு வீடாகக் கேட்டு எழுதிய பட்டியல்தான் நம்பத்தக்கதாக இருந்தது.

கேரளக் கரையில் ஒதுங்கிய உடல்கள் சிதைந்திருந்ததால், டி.என்.ஏ. சோதனையில்தான் பலரை அடையாளம் காண முடிந்தது. கிடைத்த உடல்கள் கொஞ்சம். கிடைக்காதவை மிக அதிகம். உடல் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் மரணமும் இல்லை. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாதபோதுதான் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது நம் சாட்சியச் சட்டம். அதுவரை அவர் மனைவி விதவையுமல்ல. இறப்புச் சான்று இல்லாமல் காப்பீடு வராது, படகுக் கடனுக்கும் முடிவு வராது. ஒக்கியின்போது மக்கள் போராடியதால்தான் ஏழு ஆண்டு காத்திருக்க வைக்காமல், காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் கிடைத்தது. கடலில் தனியாக மறைகிறவனுக்கு இந்தச் சலுகை இல்லை என்பது பெரும் அநீதி. புயலில் போனால்தான் உயிரா?

பணம் வந்தும் தீராத ஒன்று உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைத் தோட்டத்தில் பூவும் மெழுகுவர்த்தியுமாக நிற்கும் நாளில், இந்த வீட்டுப் பெண்கள் எங்கே போய் நிற்பார்கள்? நாலு வாரம் கழித்து, ஒக்கி வீசிய நாளான நவம்பர் 30 வருகிறது. மீனவரான புனித அந்திரேயாவின் திருநாளும் அதுதான். அந்நாளில் திருப்பலியில் வாசிக்கப்படும் பெயர்கள்தான் இவர்களுக்குக் கல்லறை. அதனாலேயே ஒரு பெயரும் விடுபடக் கூடாது என்கிறேன்.

விடுபடும் ஆபத்து யாருக்கு அதிகம்? படகில் கூலிக்கு ஏறிய வெளியூர்க்காரர்களுக்கும் வடமாநிலத்தவருக்கும்தான். அவர்களுக்காகக் கேட்க இந்தக் கரையில் தாயுமில்லை, பங்குமில்லை. உங்கள் ஊர்ப் படகில் ஏறித் திரும்பாத வெளியூர்க்காரர் எவரையேனும் உங்களுக்குத் தெரிந்தால், வரும் நவம்பர் 30க்குள் அவர் பெயரையும் ஊரையும் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள்.