தேனி மாவட்டப் பழங்குடியினரும் இணையவழிக் கல்வியும்

தேனி மாவட்டப் பழங்குடியினருக்கான இணையவழிக் கல்வி என்பது, கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைச் சிற்றூர்களில் வாழும் பளியர், முதுவர் முதலிய சிறுபான்மை இனக்குழுக்களின் மாணவர்களுக்குக் கணினி, நகர்பேசி ஆகியவற்றின் வழியே பாடங்களைக் கொண்டு சேர்ப்பதைக் குறிக்கும். கோவிட்-19 பெருந்தொற்றினால் மார்ச் 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது இதன் தேவை வெளிப்படையாயிற்று. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் நவம்பர் 1, 2021 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன.

மொழி

பளியர் மொழி தமிழுக்கு மிக நெருங்கிய திராவிட மொழியாகும். முதுவர் பேச்சில் தமிழ், மலையாளம் ஆகிய இரண்டின் கூறுகளும் உள்ளன. இரண்டிற்கும் தனி எழுத்துமுறை இல்லை. ஐ.எசு.ஓ. 639-3 தரத்தில் இவற்றுக்குத் தனித்தனி மொழிக் குறியீடுகள் உண்டு எனினும், குறியீடு இருப்பதனால் மட்டும் ஒரு மொழி கல்வி மென்பொருளில் இடம்பெற்றுவிடாது. "தமிழ்தானே பேசுகிறார்கள்" என்று கருதுவது பொருந்தாது. பாடநூலின் எழுத்துத் தமிழ் இக்குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஓர் இரண்டாம் மொழி. வகுப்பறையில் ஆசிரியர் முகம் பார்த்து விளக்கிவிடலாம். பதிவு செய்த பாடத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை.

இணைப்பு

2019-இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சிக்கு இணையம் வேண்டியதில்லை; ஆனால் மின்சாரமும், குறித்த நேரத்தில் வீட்டில் இருப்பதும் வேண்டும். ஏலம், காப்பித் தோட்ட வேலைக்குப் பெற்றோருடன் இடம்பெயரும் பிள்ளைக்குப் பின்னது எளிதன்று. அக்டோபர் 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு குடியிருப்புகளிலேயே மாலை வகுப்புகளை நடத்தியது.

நொடிக்கு 500 கிலோபிட்டு வீதமுள்ள ஒரு மணி நேர நிகழ்படம் ஏறத்தாழ 225 மெகாபைட்டு அளவுடையது. அதே பாடம் 32 கிலோபிட்டு ஒலிக்கோப்பாக இருப்பின் 14 மெகாபைட்டு போதும். அலைவரிசை கிடைக்கும் அடிவாரத்தில் ஒருமுறை பதிவிறக்கி, நினைவக அட்டையில் மலைக்கு எடுத்துச் செல்லலாம். கான் அகாதமி பாடங்களை இணையமின்றிக் காண 2012-இல் வெளிவந்த கே.ஏ. லைட்டு, அதன் வழிவந்த கோலிபிரி ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் இம்முறையைப் பின்பற்றுபவை. பளியர் பேச்சிலேயே விளக்கவுரை பதிவு செய்வதற்கும் ஒலிக்கோப்பே ஏற்றது. எழுத்துமுறை இல்லாமை அங்கு தடையாகாது.

சட்டம்

காட்டு நிலத்தில் மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி அமைக்க அனுமதி பெறுவது கடினம் என்பது பரவலான கருத்து. எனினும் வன உரிமைச் சட்டம், 2006-இன் பிரிவு 3(2), பள்ளி, மின் மற்றும் தொலைத்தொடர்புக் கம்பிகள் உள்ளிட்ட வசதிகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் ஒதுக்க இடமளிக்கிறது. இதற்குக் கிராம சபையின் பரிந்துரை கட்டாயமாகும்.