லட்சுமின்னு பேர் வச்சா போதுமா?

என் பெயர் லட்சுமி. தொப்பூர் பஸ் ஸ்டாப்பில் நின்று இந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். கணவாயில் இறங்குகிற லாரிகளின் நெற்றியிலும் இதே பெயர்தான். தீபாவளி வெடிக்கும் இதுதான். ராத்திரி படத்தோடு வெடித்து, காலையில் வாசலில் குப்பையாகக் கிடப்பதும் லட்சுமியேதான்!

'லட்சுமி' என்ற வடசொல்லுக்கு முதலில் அடையாளம், குறி என்றுதான் அர்த்தமாம். 'லட்சணம்' என்பதும் அதே வேர்தான். அதர்வ வேதத்தில் நல்ல லட்சுமி, கெட்ட லட்சுமி இரண்டும் உண்டு. காசு, பணமெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் 'திரு' என்றாலும் அவளைக் குறிக்கும். பத்திரிகையில் அதைப் பேருக்கு முன்னால் போட்டுக்கொள்கிற ஆண்களுக்கு இது தெரியுமோ என்னவோ!

மருமகள் வந்த அன்று 'மகாலட்சுமி' என்போம். மறு மாசம் மாடு செத்தால் அவளே மூதேவி. அந்த மூதேவிக்கும் பல்லவர் காலத்தில் கோயிலில் இடம் இருந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சிலையே இருக்கிறது.

பெண் பிறந்தால் 'லட்சுமி வந்துட்டா' என்று சொல்லும் இதே மண்ணில்தான் பெண் சிசுவைக் கொன்றார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் ஆரம்பித்து, 2001ல் எங்கள் தருமபுரிக்கும் வந்தது. 1991ல் மூணாவது பெண்ணாகப் பிறந்தவள் நான். 'போதும்பொண்ணு' என்று வைக்கச் சொன்னாராம் பாட்டி. அம்மாதான் பிடிவாதமாக லட்சுமி என்று வைத்தார்.

போன மாசம் என் நாத்தனாருக்கும் மூணாவதாகப் பெண். "வேண்டாம்னு பேர் வையுங்க, அடுத்தது பையன்தான்" என்றார் மாமியார். "அத்தை, சதாரா ஜில்லாவில் 'வேண்டாதவள்'னு பேர் வச்ச 285 பொண்ணுங்களுக்கு 2011ல் விழா எடுத்துப் பேர் மாத்தினாங்க" என்றேன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாத்தனார் கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது. "அண்ணி, லட்சுமின்னு வச்சா மட்டும் இவ பேர்ல யார் ஒரு ரூபா போடப் போறாங்க?"

போஸ்ட் ஆபீசில் விசாரித்தேன். செல்வமகள் திட்டம் ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்குத்தான்; இரட்டைக் குழந்தை என்றால்தான் விதிவிலக்கு. சரி, மாசம் 100 ரூபாயில் ஆர்.டி. போடலாம் என்றார்கள். பால் காசில் நானே கட்டுவதாகச் சொல்லிவிட்டேன். ஆனால் பிறப்புச் சான்றிதழில் பேர் இருக்க வேண்டுமே! ஒரு வருஷத்துக்குள் என்றால் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

"பேரைச் சீக்கிரம் சொல்லுங்க அத்தை, பாரம் பூர்த்தி பண்ணணும்" என்று தினம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

- லட்சுமி, தொப்பூர்.