கூடத்துக்குள் ஒரு எண்பதாவது மாடி!

எனக்கு உயரம் என்றால் பயம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் பள்ளிப்பட்டிலிருந்து பஸ் ஏறி, திருத்தணி முருகனின் 365 படிகளையும் தலையைக் குனிந்தபடியே ஏறிவிடுவேன். இறங்கும்போதுதான் வண்டவாளம் தெரியும்! 2024-ல் சோளிங்கர் மலைக்கு ரோப் கார் வந்ததும், "1,305 படி ஏற எனக்கு முட்டி இல்ல. கூட வாடா" என்றார் அம்மா. ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்று புளுகினேன். (அவர் கூப்பிட்டது ஞாயிற்றுக்கிழமைக்கு!)

போன மாதம் அக்கா பையன் வந்தான். சென்னையில் உளவியல் படிக்கிறான். "மாமா, கண்ணை மூடுங்க" என்று ஒரு கறுப்புப் பெட்டியைத் தலையில் மாட்டினான்.

கண்ணைத் திறந்தால்... எண்பதாவது மாடி! எதிரே ஒற்றைப் பலகை. கீழே எறும்பு சைஸில் கார்கள்.

"நடங்க மாமா."

கூடத்து சிமெண்ட் தரையில்தான் நிற்கிறேன் என்று நன்றாகவே தெரியும். ஆனால் முழங்காலுக்குத் தெரிய வேண்டுமே! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டம்மா "ஏமாயிந்தி?" என்று ஓடி வந்துவிட்டார்.

"புத்திக்குப் பொய்னு தெரியும் மாமா. உடம்புக்குத் தெரியாது. வைத்தியமே அதுலதான் இருக்கு" என்றான் பையன்.

உண்மைதான். அமெரிக்காவில் பார்பரா ராத்பாம், லாரி ஹாட்ஜஸ் குழுவினர் 1995-லேயே உயரத்துக்குப் பயந்த மாணவர்களைக் கம்ப்யூட்டர் பாலத்திலும் கண்ணாடி லிஃப்டிலும் ஏற்றிப் பயத்தைக் குறைத்துக் காட்டினார்கள். 2018-ல் ஆக்ஸ்போர்டின் டேனியல் ஃப்ரீமன் குழு 100 பேரை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்குப் பொய்யான பத்து மாடிக் கட்டடம். வழிகாட்டியும் பொம்மைதான். மரத்தில் மாட்டிய பூனையைக் காப்பாற்றுவது மாதிரி வேலைகள். பயம் சராசரியாக 68 சதவீதம் இறங்கியது!

பாடம் நடத்தவும் இதே வித்தைதான். 'செகண்ட் லைஃப்' என்ற பொய்யுலகத்தில் கலிஃபோர்னியா டாக்டர் பீட்டர் யெல்லோலீஸ் ஒரு கட்டடம் கட்டினார். உள்ளே நடந்தால் காதில் திட்டும் குரல்கள், காலடியில் மறையும் தரை. மனச்சிதைவு நோயாளி படும் பாட்டை ஐந்து நிமிடம் பட்டுப் பார்த்தால், அப்புறம் யாரையும் 'லூசு' என்று சொல்ல நாக்கு வராது.

அடுத்து அவன் சொன்னதுதான் என்னை உலுக்கியது. 1960-களில் ஸ்டான்லி மில்கிராம், தப்பாகப் பதில் சொல்பவருக்கு ஷாக் கொடுக்கச் சொல்லி ஆட்களைச் சோதித்தார். ஷாக் பொய். கொடுத்தவர்கள் பட்ட வேதனை நிஜம். ஊரே திட்டியது. 2006-ல் லண்டனில் மெல் ஸ்லேட்டர் அதையே கம்ப்யூட்டர் பெண்ணை வைத்துச் செய்தார். அவள் வெறும் படம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் அவளை நேரில் பார்த்த 23 பேரில் 6 பேர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்!

"டேய், அப்ப எனக்கு வந்த பயமும் நிஜம்தானே? பலகையில ஏத்தறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

பையன் முகம் சுண்டிவிட்டது. "தப்புதான் மாமா. காலேஜ்ல கையெழுத்து வாங்காம யாரையும் தொட விட மாட்டாங்க. வீட்டு ஆள்தானேன்னு..." என்று இழுத்தான். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினான்: 'எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.'

கையெழுத்துப் போட்டேன். மறுபடி மாட்டிக்கொண்டேன். இரண்டு அடி வைத்தேன், கழற்றினேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் நாலு அடி. அவன் ஊருக்குக் கிளம்பும் அன்றைக்குப் பலகையின் நுனி வரை போய்விட்டேன்... தவழ்ந்துதான், ஹி... ஹி...

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "ஏண்டா, இந்த ஞாயித்துக்கிழமையாவது லீவு கிடைக்குமா?"